அக்கா காய்ச்சிய போத்தல்

அத்தான் கப்பலிலிருந்து விடுமுறையில் வரும்போதெல்லாம் நான் பாலையூற்று வீட்டை விட்டுக் கன்னியர் மடத்து விடுதிக்குப் போய்விடுவேன். போகும்படி யாரும் சொன்னதில்லை. வீட்டில் இருந்தது ஓர் அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. அத்தான் இல்லாத மாதங்களில் இரண்டு பாய்களை ஒட்டிப் போட்டு, அக்காவும் நானும் இரு கரையிலும் பிள்ளைகள் இருவரும் நடுவிலுமாகப் படுப்போம். அவர் வந்தால் என் கரை அவருடையது. உடுப்புகள், சோப்புப் பெட்டி, செபமாலை, ஆய்வுகூடத்து வெள்ளைக் கோட்டு, எல்லாம் ஒரு பைக்குள் அடங்கும்.

விடுமுறை முடிந்து அவர் போகும் நாளில், மாலை ரயிலில் அவரை ஏற்றிவிட்டு அக்காவும் பிள்ளைகளும் ஸ்டேஷனிலிருந்து நேரே மடத்துக்கு வருவார்கள். பிள்ளைகள் என் பையை ஆளுக்கொரு பிடியில் தூக்கிக்கொள்வார்கள். அக்காவின் கண் சிவந்திருக்கும். "வா, வீட்ட போவம்" என்பாள். அதற்குமேல் வழியில் ஒன்றும் கதைக்கமாட்டாள். வீட்டுக்குப் போனதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கவில்லை என்று என்னைத்தான் ஏசுவாள்.

எழுபதுகளின் கடைசியில், பயிர்த்தொழில் டிப்ளோமாவை முடித்துக்கொண்டு வெருகல் பக்கத்திலிருந்து நான் திருகோணமலைக்கு வந்தேன். குச்சவெளிக்குப் போகும் வீதியில் இருந்த சிறிய பயிராய்வு நிலையத்தில் வேலை. "கப்பல்காரன்ர பெண்சாதி தனிய இருக்கக்கூடாது, நீ அக்காவோட இரு" என்று அம்மா சொல்லி அனுப்பினார். அக்கா தனியாக இருப்பவளாக எனக்குத் தெரியவில்லை. அவளிடம் ஒரு தோட்டம் இருந்தது.

வீட்டின் பின்னால், கிணற்றுக்கும் கிளுவை வேலிக்கும் இடையில், அத்தான் பற்றை வெட்டித் திருத்திய நிலம் அது. முழுவதும் கத்தரி. ஊதா நிறத்தில், முட்டையைவிடக் கொஞ்சம் நீளமாகக் காய்க்கும் இனம். அத்தான் ஒருமுறை விடுமுறை முடிந்து போகும்போது அக்காவிடம் சொல்லியிருந்தார்: மாரியில் நட்ட தோட்டம் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் விழாமல் நின்று காய்த்தால், அதை நம்பிக் கரையில் இருந்துவிடலாம், பிறகு கப்பலுக்குப் போகமாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது ஒரு பேச்சு. அக்காவுக்கு அது கோவிலில் கொடுத்த வாக்கு. அவள் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் விதத்தைப் பார்த்தாலே அவளுக்கு என்ன வேண்டும் என்பது தெரியும்.

தோட்டமோ நிற்கவில்லை. நான் வந்த வருஷத்து மாரியில், பூப்பிடிக்கும் நேரத்தில், ஒரு கத்தரிக்கண்டு மத்தியானத்தில் தலை குனிந்தது. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை. பச்சையாகவே துவண்டு தொங்கியது. மாலையில் கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்த நாள் நிமிரவில்லை. பிறகு பக்கத்துக் கண்டு, பிறகு அந்த வரிசை, பிறகு தண்ணீர் ஓடிய வாய்க்கால் வழியே எல்லாம்.

"தண்ணி காணாதாக்கும்" என்று அக்கா இன்னும் இறைத்தாள்.

நான் ஒரு தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் தொடும்படி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த முனையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்கியது. புகைபோல, ஆனால் கீழ்நோக்கி. பிறகு இன்னொன்று.

"பால் வடியுது" என்றாள் அக்கா.

"பால் இல்லை அக்கா. கிருமி. பக்டீரியா. தண்டுக்குள்ள தண்ணி போற வழியை இதுதான் அடைச்சுப் போட்டுது. நீங்கள் எவ்வளவு இறைச்சாலும் மேல ஏறாது."

"இதெல்லாமோ? இவ்வளவுமோ கிருமி?"

"ஓம். மண்ணுக்குள்ளயும் இருக்கு."

"மருந்து?"

"இல்லை."

அக்கா தம்ளரை வாங்கி வேலிக்கு அப்பால் ஊற்றப் போனாள். அங்கே ஊற்றினால் அங்கும் பரவும் என்று தடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு குசினிக்குள் போய் அடுப்பில் ஊற்றிவிட்டாள். அன்றைக்குச் சமையல் பிந்தியது.

அந்த உயிர்த்த ஞாயிறுக்கு அத்தான் வந்தபோது தோட்டத்தில் காய்ந்த குச்சிகள்தான் நின்றன. "பரவாயில்லை, அடுத்த முறை பாப்பம்" என்றார். அவர் திரும்பிப் போனார். எனக்கு என் கரை திரும்பக் கிடைத்தது.

நிலையத்தில் அந்தக் காலத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை இந்த வாடல் நோய்தான். பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர். எங்கள் கைவசம் இருந்தவை ஒரு பழைய நுணுக்குக்காட்டி, கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு புறஊதாக்கதிர் விளக்கு, கிருமி நீக்குவதற்கு ஒரு பெரிய பிரஷர் குக்கர். குறிக்கோள் எளிது. நோய்க் கிருமியை மருந்தால் கொல்ல முடியவில்லை என்றால், அது வேரில் வந்து ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை வேறொரு கிருமிக்குக் கொடுத்துவிடுவது. செடிக்குத் தீங்கு செய்யாத, மற்றதை நெருங்கவிடாத ஒன்று.

அதைக் கந்தளாயில் கண்டெடுத்தேன். குளத்துக்குக் கீழே ஒருவருடைய கத்தரித் தோட்டம் முழுவதும் வாடிக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு செடி பச்சையாக நின்றது. தோட்டக்காரருக்கு அதைப் பிடுங்கித் தர மனமில்லை. "நிக்கிறது அது ஒண்டுதானே பிள்ளை" என்றார். பக்க வேர்கள் சிலவற்றை மட்டும் மண்ணோடு வெட்டி எடுத்துக்கொண்டு, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன். அந்த வேர்களிலிருந்து பல பக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்தேன். அவற்றில் ஒன்று புறஊதாக்கதிர் விளக்கின்கீழ் இளம்பச்சையாக ஒளிர்ந்தது. நோய்க் கிருமியைப் பரப்பிய கிண்ணத்தின் நடுவே அதை வைத்தால், சுற்றிலும் ஒரு தெளிந்த வட்டம் உண்டாகும். மற்றது அந்த வட்டத்துக்குள் வராது.

கிண்ணத்தில் செய்வதை மண்ணில் செய்யுமா என்று பார்க்க நோயுள்ள மண் வேண்டும். நிலையத்து மண்ணில் நோயை நாங்களாகக் கொண்டுவந்து போட முடியாது. "நோய் மண் எங்கையாவது தெரியுமோ?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"எங்கட அக்காவின்ர தோட்டம்" என்றேன்.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பாதி வரிசைகளை பக்டீரியாக் கரைசலில் வேர் நனைத்து நடவேண்டும். மற்றப் பாதியை ஒன்றும் செய்யாமல் நடவேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இதை அக்காவிடம் சொன்ன பின்னேரம் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"அப்ப அந்தப் பாதி சாகும்."

"சாகலாம்."

"தெரிஞ்சுகொண்டு சாக விடுறதோ?"

"அப்பதான் அக்கா மற்றப் பாதி ஏன் நிண்டது எண்டு சொல்ல ஏலும்."

"எனக்கு ஏன் எண்டு தெரியத் தேவையில்லை. நிண்டாக் காணும். உன்ர துரைக்குச் சொல்லு, இஞ்ச ஒரு கண்டையும் சாக விடமாட்டன் எண்டு."

நிலையத்தில் போய்ச் சொன்னேன். பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாத்துக்கும் ஊத்திப் போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறதுக்குப் பேர் ஆய்வில்லை பிள்ளை. நேத்திக்கடன்."

"ஓம் சேர்."

"நீர் வேதக்காரப் பிள்ளைதானே. ஒரு மெழுகுதிரியும் கொளுத்தும்" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

அடுத்த மாரியில், பெருமழை விட்டபின் நடுவதற்கு நாள் பார்த்தோம். வெள்ளிக்கிழமை இரண்டு பெரிய போத்தல்களில் கரைசலை நிரப்பிக் கொண்டுவந்து குசினித் தட்டில் வைத்தேன். கழுவிய அரிசித் தண்ணீர்போலக் கலங்கலாக இருந்தது. நிழலில் இருக்கட்டும், சட்டியில் ஊற்றி வேரை நனைத்து உடனே நடவேண்டும் என்றெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். என்ன செய்யவேண்டும் என்பதைச் சொன்னேன். என்ன செய்யக்கூடாது என்பதை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. திரும்பி வருவதற்குள் வானம் இருண்டதால் அக்கா காத்திருக்கவில்லை. கிணற்றுப் பக்கத்துப் பாதி முழுவதையும் நட்டு முடித்திருந்தாள். கண்டுகள் நேர்கோட்டில் நின்றன. குசினிச் சுவரோரம் பால் காய்ச்சும் சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தது நினைவிருக்கிறது. நனைக்க இதைத்தான் எடுத்திருக்கிறாள் என்று எண்ணினேன். அடுத்த நாள் பூசை முடிந்து வந்து, அக்கா சோறாக்கிக்கொண்டிருக்க, நானும் பிள்ளைகளும் இரண்டாவது போத்தலையும் அதே சட்டியையும் எடுத்துப்போய் வேலிப் பக்கத்துப் பாதியை நட்டோம்.

அதன் பிறகு வந்த வாரங்கள்தான் நான் இப்போது நினைவில் அடிக்கடி போய் வருகிற இடம். வேலை முடிந்து வந்ததும் வெள்ளைக் கோட்டோடு தோட்டத்துக்குள் இறங்குவேன். அக்கா வாளியோடு பின்னால் வருவாள். துறைமுகத்தில் ஏதாவது கப்பல் ஊதும். அவள் தலை நிமிரும். அது அத்தானுடைய கப்பல் இல்லை, அவருடையது இந்தப் பக்கமே வருவதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நிமிரும். பிறகு, "இது நல்லாத் துளிர்க்குது என்ன?" என்று ஒரு கண்டைக் காட்டுவாள். இரவில் பிள்ளைகள் உறங்கியபின் அவர்களுக்கு மேலால் நாங்கள் மெதுவாகக் கதைப்போம். தோட்டம் நின்றால் வீட்டுக்கு இன்னொரு அறை இறக்கலாம் என்பாள். மாடு ஒன்று வாங்கலாம் என்பாள். அவர் மீசையை எடுத்துவிட்டால் நல்லது என்பாள். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் திட்டங்களில் எதிலும் நான் எங்கே படுப்பேன் என்பது வரவில்லை. அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோட்டம் நிற்கவேண்டும் என்று நான் அவளைவிடக் குறைவாக விரும்பவில்லை. நின்றால் என்ன ஆகும் என்பதையும் அறிந்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறங்கினேன்.

பூப்பிடிக்கும் நேரத்தில் கிணற்றுப் பக்கத்தில் ஒரு கண்டு குனிந்தது.

பிறகு மூன்று. பிறகு வரிசை. அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் தம்ளரைக் கொண்டுவந்து தண்டை வெட்டிப் பிடித்தேன். வெள்ளை நூல் இறங்கியது. ஆனால் வேலிப் பக்கத்துப் பாதியில் ஒன்றும் குனியவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். கிணற்றுப் பக்கம் பெரும்பகுதி போய்விட்டது. வேலிப் பக்கம் ஊதாப் பூக்களோடு நின்றது. நடுவில் கோடு போட்டதுபோல இருந்தது.

காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வெயில் இரு பக்கமும் ஒன்று. போன மாரியில் இரு பக்கமும் ஒரேமாதிரித்தான் அழிந்தது. தண்ணீர் ஒரே கிணறு. நாற்று ஒரே பாத்தி. ஒரே நாளில் நிரப்பிய போத்தல்கள்.

"அக்கா, நீங்கள் சனிக்கிழமை நட்டது எப்பிடி? முதலில இருந்து சொல்லுங்கோ."

"நீ சொன்ன மாதிரித்தான். எல்லாம் நீ சொன்ன மாதிரித்தான்டி."

"சொல்லுங்கோவன்."

"விடிய எழும்பி நாத்தைப் பிடுங்கினனான். போத்தலைக் காய்ச்சி, ஆற விட்டு, சட்டியில..."

"என்னத்தைக் காய்ச்சி?"

"போத்தல்ல இருந்ததை."

நான் அவளையே பார்த்தேன்.

"ஏன் அப்பிடிப் பாக்கிறாய்? நீதானே கிருமி எண்டனீ? சுகாதாரப் பரிசோதகர் வந்து வீடு வீடாச் சொல்லிப் போட்டுப் போனவர், மழைக்குப் பிறகு கிருமி, எல்லாம் கொதிக்க வைச்சுத்தான் பாவிக்க வேணும் எண்டு. பிள்ளையள் இருக்கிற வீடு. சும்மா அப்பிடியே கையை விடுறதோ? நல்லா மூண்டு தரம் பொங்க விட்டனான்."

"மூண்டு தரமோ?"

"பால் மாதிரிப் பொங்கினது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். "விசரி, என்னத்துக்குச் சிரிக்கிறாய்? அதில என்ன இருந்தது?"

"நல்ல கிருமி அக்கா. உயிரோட இருந்தால்தான் வேலை செய்யும்."

"நல்ல கிருமியோ? அப்பிடியும் ஒரு சாமானோ?" அவள் குரல் மாறியது. "அப்ப நானோ அதைச் சாக்காட்டினனான்?"

"ஓம்."

"நீ ஞாயிற்றுக்கிழமை காய்ச்சேல்லையோ?"

"இல்லை."

"படிச்ச பிள்ளை, காய்ச்சித்தான் கொண்டு போயிருப்பாய் எண்டு நினைச்சன்." வாடிக்கிடந்த பாதியைப் பார்த்தாள். பிறகு நின்ற பாதியைப் பார்த்தாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். "அப்ப அது பொய்யில்லை" என்றாள். "உது உண்மையிலயே செய்யுது."

ஒரு பாதி கொதித்த கரைசலிலும் மற்றப் பாதி கொதிக்காததிலும் நனைத்து நட்டதை அடுத்த நாள் நிலையத்தில் சொன்னேன். பொறுப்பாளர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். ஒன்றும் செய்யாத வரிசையைவிட இது நல்ல ஒப்பீடு. அதே கரைசல், அதே சட்டி, அதே மண். உயிர் மட்டும்தான் வித்தியாசம். "கொதிக்க வைச்சு ஒப்பிடச் சொல்லி ஆர் யோசனை சொன்னது?"

"அக்கா, சேர்."

"அவவை இஞ்ச வேலைக்கு எடுப்பம். உம்மை மடத்துக்கு அனுப்புவம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

தவக்காலத்தின் நடுவில் அத்தான் வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போவதற்கு முன், அவர் தோட்டத்தைப் பார்ப்பதைக் குசினி வாசலில் நின்று பார்த்தேன். கிணற்றுப் பக்கத்தில் வெறும் மண். வேலிப் பக்கத்தில் இடுப்பளவு செடிகள், இலைக்குக் கீழே ஊதாக் காய்கள். இடையில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"பாதிதான் நிக்குது" என்றார்.

அக்கா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "அப்ப பாதிக் கப்பல்ல போங்கோ."

அத்தான் திரும்பி அவளைப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் குனிந்து ஒரு காயைப் பறித்து, துடைத்து, கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "மற்றப் பாதி?" என்றார்.

"அது நான் காய்ச்சினது. இனிக் காய்ச்சன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா விளக்கவும் இல்லை. நான் பையோடு விறாந்தைக்கு வந்தபோது பிள்ளைகள் வழக்கம்போல வாசல் படலைவரை வந்தார்கள்.

மடத்து விடுதியின் மேல்மாடி ஜன்னலிலிருந்து துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். பெரிய வெள்ளிக்குச் சிஸ்டர்மாரோடு சிலுவைப்பாதைக்குப் போனேன். உயிர்த்த ஞாயிறன்று கோவிலில் நால்வரையும் கண்டேன். அத்தானுக்கு மீசை இல்லை. விடுமுறை முடிகிற நாள் எனக்குத் தெரியும். அன்று வேலையிலிருந்து நேரத்தோடு வந்து, உடுப்புகளை மடித்து, சோப்புப் பெட்டியைத் துடைத்து, வெள்ளைக் கோட்டை மேலே வைத்துப் பையை மூடினேன். மடத்து வாசலில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்தேன்.

மாலை ரயில் கூவிப் புறப்பட்டது. ஸ்டேஷனிலிருந்து மடத்துக்கு எவ்வளவு நேரம் நடக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஓடி வருவதால் அதைவிடக் குறைவு. வீதியில் ஆட்கள் வந்தார்கள். மீன்கூடைச் சைக்கிள் ஒன்று போனது. வெளிச்சம் போனது. வாசல் சிஸ்டர் வந்து, "இண்டைக்குக் கூட்டிக்கொண்டு போக வரேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை சிஸ்டர்."

"என்ன, ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை சிஸ்டர். எல்லாரும் சுகம்" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறுதியாகியது. அவர் ரயில் ஏறவில்லை. தோட்டம் நின்றது. உள்ளே போய்ப் பையைத் திறந்து உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோருமாக மடத்துக்கு வந்தார்கள். அக்கா ஒரு பனையோலைக் கூடை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தாள். "சிஸ்டர்மாருக்கும் குடு" என்றாள். அவள் முகத்தை நான் அப்படி மலர்ந்து பார்த்ததே இல்லை. "பாதியை வைச்சுத் தொடங்குவம் எண்டு சொல்லிப் போட்டார். கப்பலுக்குத் தந்தியும் அடிச்சாச்சு. மற்றப் பாதிக்கு எப்ப போத்தல் கொண்டு வாறாய்?"

"வாற கிழமை."

"அப்ப வந்து சாப்பிட்டுப் போ" என்றாள்.

போனேன். விறாந்தையில் எனக்குக் கதிரை போட்டார்கள். தோட்டத்தில் அத்தான் வாளியைப் பிடிக்க, அக்கா வேர்களைக் கரைசலில் நனைத்து நட்டாள். நான் பக்கத்தில் நின்று முறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்கு முன் பஸ் எடுத்தேன்.

இப்போது மலைநாட்டில் பெரிய ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். இடமாற்றத்தை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். கந்தளாய் வேரில் பிறந்த அந்த பக்டீரியா என்னோடு வந்தது. அடிக்கடி புதுச் சத்துக்கூழில் மாற்றி வளர்த்தால் அது நன்றாகப் பெருகும், ஆனால் போகப் போகத் தன் வேலையை மறந்துவிடும். கிருமி நீக்கிய வெறும் தண்ணீரில், மூடிய குழாயில், உணவில்லாமல் வைத்தால் பெருகாது. அப்படியே இருக்கும். முன்பொருநாள் நிலையத்துக்கு வந்து பார்த்தபோது அக்கா ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "உதுக்குச் சாப்பாடு?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். "பாவம்" என்று மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

மாரி தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு குழாயைத் திறந்து, கரைசல் வளர்த்து, இரண்டு போத்தல்களில் நிரப்பி, திருகோணமலை பஸ்ஸில் ஏறுகிறேன். போத்தலின் வெளியே ஒரு துண்டு ஒட்டியிருப்பேன். 'காய்ச்ச வேண்டாம்.' அக்காவுக்கு அது இப்போது தேவையில்லை. அதை வாசித்துவிட்டு ஒவ்வொரு முறையும் என் முதுகில் ஒன்று போடுவாள். அதற்காகத்தான் ஒட்டுகிறேன்.